கொச்சியை வரைந்தவர் கொச்சிக்கு வந்ததில்லை

மட்டாஞ்சேரியில் ஆனி, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். மாடிப்படியெல்லாம் பாசி, துவைத்த துணி காய ஐந்து நாள். நாகப்பட்டினத்துக்காரனுக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால்தான் மழை. ஆனியில் இப்படிக் கொட்டுவதை இத்தனை வருடம் ஆகியும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. நறுமணப் பொருள் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்ப்பது தொழில். மிளகு, ஏலம், சுக்கு வாசனைக்கு நடுவே வாரத்தில் ஆறு நாள் ஆணி பிடுங்குகிறேன். ஏழாவது நாள் இணையம்.

எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அரண்மனையை ஊரே டச்சு பேலஸ் என்கிறது. கட்டியது டச்சுக்காரர் இல்லை. 1555 வாக்கில் போர்த்துக்கீசியர் கட்டி, கொச்சி ராஜா வீரகேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். 1663-க்கு அப்புறம் வந்த டச்சுக்காரர்கள் அதில் மராமத்து பார்த்தார்கள், அவ்வளவுதான். கட்டினவன் பெயர் போய் மராமத்து பார்த்தவன் பெயர் நின்றுவிட்டது (பொதுப்பணித்துறை நண்பர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும்). இப்படி நம் வீட்டு வாசலில் பெயரை ஒட்டிவிட்டுப் போனவர்கள், அவர்கள் வீட்டில் நம்மைப் பற்றி என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாமே என்றுதான் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ்மியூசியத்தின் தளத்துக்குள் நுழைந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே வரவில்லை.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து நம் ஆட்கள் 'ரிஜ்க்ஸ்' என்று பல்லை உடைத்துக்கொள்கிறார்கள். டச்சுக்காரர் வாயில் அது 'ரெய்க்ஸ்'. பொருள் ஒன்றும் பெரிதாக இல்லை, அரசு அருங்காட்சியகம். எழும்பூரில் இருப்பதும் அதே பெயர்தான். ஆனால் 'ரெய்க்ஸ்மியூசியம் பார்த்தேன்' என்றால் ஒரு மரியாதை, 'கவர்ன்மென்ட் மியூசியம் பார்த்தேன்' என்றால் 'செத்த காலேஜா?' என்று கேட்பார்கள்.

தேடுபெட்டியில் கொச்சி என்று இன்றைய எழுத்துக்கூட்டலில் அடித்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. பழைய கொச்சின் என்று போட வேண்டும். அதிலும் பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியவர்கள். கௌச்சின், கொச்சிம், கோட்சின் என்று ஆளுக்கொரு விதம். எங்கள் ஊரை நெகபட்னம் என்று போட்டால் கிடைக்கும். பல பொருட்களின் குறிப்பு டச்சு மொழியில் எழுதப்பட்டது. உலாவியின் மொழிபெயர்ப்பை நம்பித்தான் ஓட்ட வேண்டும். அது சில சமயம் தமிழ் சினிமா டப்பிங் மாதிரி இருக்கும். ஆனாலும் விஷயம் புரிந்துவிடும்.

அப்படித் தேடியதில் மாட்டியதுதான் 'கொச்சியின் காட்சி' என்ற எண்ணெய் வண்ண ஓவியம். யோஹன்னஸ் விங்க்பூன்ஸ் வரைந்தது என்று கருதப்படுவது. காலம் 1662-63. இவர் நிலப்பட ஓவியர், ஆம்ஸ்டர்டாம்காரர். ஆசியப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. கப்பலில் போய்வந்தவர்கள் கொண்டுவந்த கோட்டுப் படங்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு, அங்கே உட்கார்ந்தபடியே கொச்சி, கண்ணனூர், சயாமின் அயூத்தியா, சீனத்துக் கான்டன் என்று ஊர் ஊராக வரைந்து தள்ளினார். நான் இங்கிருந்து அவர் ஊரைத் திரையில் பார்க்கிறேன், அவர் அங்கிருந்து இந்த ஊரைக் காகிதத்தில் பார்த்தார். வித்தியாசம் 360 வருடம்.

இந்த ஓவியங்கள் எதற்காக வரையப்பட்டன என்பதுதான் முக்கியம். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் 'பதினேழு கனவான்கள்' என்ற இயக்குநர் குழு. ஆம்ஸ்டர்டாமுக்கு எட்டு, ஸீலாந்துக்கு நாலு, டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹவுசன் ஊர்களுக்குத் தலா ஒன்று. ஆம்ஸ்டர்டாம் தனியாக மெஜாரிட்டி ஆகிவிடக் கூடாது என்பதற்காகப் பதினேழாவது நாற்காலி மற்றவர்களுக்குள் சுற்றி வரும். (கூட்டணி தர்மம் தெரிந்தவர்கள்.) இவர்கள் கூடிப் பேசும் ஆம்ஸ்டர்டாம் கிழக்கிந்திய மாளிகையின் அறைச் சுவரில்தான் இந்தப் படங்கள் தொங்கின. மிளகு விலையைப் பற்றியும் எந்தக் கோட்டையை எப்போது அடிப்பது என்பதைப் பற்றியும் பேசும்போது, தலைக்கு மேலே ஊர்கள் வரிசையாக இருக்கும். எங்கள் மேனேஜர் அறையில் இந்திய வரைபடம் மாட்டி, கிளை இருக்கும் ஊர்களில் சிவப்பு ஊசி குத்தி வைத்திருப்பாரே, அதே சமாசாரம்தான். கையில் ரசனை இருந்தது, பணமும் இருந்தது, எண்ணெய் வண்ணத்தில் மாட்டினார்கள்.

காலத்தைக் கவனியுங்கள். 1662 தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் கொச்சியை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பினார்கள். அந்தச் சண்டையில்தான் மட்டாஞ்சேரி அரண்மனையில் ரத்தம் ஓடியது. ராஜாவும் இளவரசர்களும் கொல்லப்பட்டார்கள், ராணி கங்காதர லட்சுமி டச்சுக்காரரிடம் பிடிபட்டார். டச்சுப் பக்கம் சாய்ந்தார்கள் என்று போர்த்துக்கீசியர் யூதத் தெருவில் புகுந்து, 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தைச் சூறையாடினார்கள். டச்சுக்காரர்கள் திரும்ப வந்தபின் 1663 ஜனவரியில் கோட்டை விழுந்தது. ஆக, சுவரில் படம் ஏறியதும் ஊர் கையில் வந்ததும் ஏறக்குறைய ஒரே நேரம்.

படத்தில் இருப்பது போர்த்துக்கீசியர் கட்டி வளர்த்த பெரிய நகரம். வந்தவர்கள் முதலில் செய்த வேலை அதை இடித்துச் சுருக்கியதுதான். அவ்வளவு பெரிய சுற்றளவைக் காவல் காக்க ஆளும் இல்லை, செலவழிக்க மனமும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து, புதுக் கொத்தளங்கள் எழுப்பி, ஒல்லாந்து, ஸீலாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட் என்று அவர்கள் மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் அநேகமாக எல்லாம் போயின. சாந்தா குரூஸ் கதீட்ரல் ஆயுதக் கிடங்கானது. செயின்ட் பிரான்சிஸ் மட்டும் சீர்திருத்தச் சபையின் ஆலயமாக மாறித் தப்பியது. இன்று ஃபோர்ட் கொச்சிக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் அதில் வாஸ்கோ ட காமாவின் பழைய கல்லறை இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதே தரையில் டச்சுக் கல்லறைக் கற்களும் உண்டு. ஆக அந்த ஓவியம் இருக்கிற ஊரைக் காட்டவில்லை, வாங்கியவர்களே உடைத்துப் போட்ட ஊரைக் காட்டுகிறது. சுவரில் அது பாட்டுக்குப் பழைய கோபுரங்களோடு தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கம்பெனி என்ன ஆனது? கடனில் மூழ்கி, அரசாங்கம் எடுத்துக்கொண்டு, கடைசியில் 1799 டிசம்பர் 31-ஆம் தேதி அதன் சாசனம் முடிந்தது. ரெய்க்ஸ்மியூசியத்தின் முன்னோடியான தேசியக் கலைக்கூடம் திறந்தது 1800 மே 31. ஐந்து மாத இடைவெளி. ஹேக் நகரத்தில் ஹௌஸ் டென் பொஷ் என்ற மாளிகையில் திறந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் லூவ்ரைத் திறந்ததைப் பார்த்து வந்த ஆசை. முதலில் காசு கொடுத்து வாங்கிய ஓவியம் யான் அஸ்ஸெலைன் வரைந்த அன்னம். கூட்டை நெருங்கும் நாயைப் பார்த்து இறக்கையை விரித்துச் சீறும் அன்னம். விலை நூறு கில்டர். இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது, தளத்தில் நெருக்கிப் பார்த்தால் உதிர்ந்து பறக்கும் சிறகுகூடத் தெரியும்.

மிச்ச வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெப்போலியனின் தம்பி லூயி ராஜாவாக வந்து 1808-ல் ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றினார். 1817-லிருந்து ட்ரிப்பன்ஹௌஸ் என்ற வீட்டில் இடநெருக்கடியோடு இருந்தது. 1885-ல் பியர் கைப்பர்ஸ் கட்டிய இன்றைய கட்டடம். கட்டினவர் கத்தோலிக்கர், கட்டடம் மாதா கோயில் மாதிரி இருக்கிறது என்று புராட்டஸ்டன்ட்காரர்கள் குதித்தார்கள், மூன்றாம் வில்லியம் ராஜா உள்ளே காலே வைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டார். நம் ஊரில் வாஸ்து பார்த்துச் சண்டை போடுவது மாதிரி. 2003-ல் மராமத்துக்காக மூடியவர்கள் 2013 ஏப்ரலில்தான் முழுசாகத் திறந்தார்கள். பத்து வருடம்! கட்டடத்துக்கு நடுவே போகும் சைக்கிள் பாதையை மூடக் கூடாது என்று சைக்கிள்காரர்கள் நடத்திய போராட்டம் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். ஜெயித்தது சைக்கிள்.

ஆனால் அந்த மூடியிருந்த காலத்தில் செய்த ஒரு காரியத்துக்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். 2012 அக்டோபரில், இன்னும் கதவு திறப்பதற்கு முன்னாலேயே, ஒன்றேகால் லட்சம் பொருட்களின் படங்களைத் துல்லியமான அளவில் தளத்தில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளுங்கள், சட்டையில் போட்டாலும் சுவரில் ஒட்டினாலும் கேட்க மாட்டோம் என்றார்கள். அதற்கு ரெய்க்ஸ்ஸ்டூடியோ என்று பெயர். அப்போதெல்லாம் பெரிய அருங்காட்சியகங்கள் தபால்தலை அளவுக்கு ஒரு படத்தைப் போட்டு, அதன் மேல் குறுக்கே பெயரையும் அடித்து வைத்திருக்கும். இவர்கள் சேகரிப்பு சுமார் பத்து லட்சம் பொருட்கள். காட்சிக்கு வைத்திருப்பது எட்டாயிரம் சொச்சம். மீதி கிடங்கில். அதாவது நேரில் போகிறவன் பார்ப்பதைவிட மட்டாஞ்சேரியில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருப்பவன் பார்ப்பது பல மடங்கு அதிகம். டிக்கெட் மிச்சம் என்பதற்காகச் சொல்லும் சமாதானம் இல்லை இது, நிஜம். ரெம்ப்ராண்ட் 1642-ல் வரைந்த 'இரவுக் காவல்' ஓவியத்தை 717 கோடி இல்லை, 717 கிகாபிக்சல் அளவில் 2022 ஜனவரியில் ஏற்றினார்கள். வண்ணத் துகள் வெடித்திருப்பதுவரை தெரிகிறது.

நம் பக்கத்து அருங்காட்சியகம் ஒன்றின் தளத்தை, பெயர் வேண்டாம், அதே ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தேன். அமைச்சர் படம் இருந்தது. இயக்குநர் படம் இருந்தது. பொருட்கள் என்ற தலைப்பைச் சொடுக்கினால் 'விரைவில்'.

நிற்க. தமிழ்நாடு என்று தேடினால் முதலில் வந்து நிற்பவர் நடராஜர். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழர் காலத்து வெண்கலம். உயரம் 153 சென்டிமீட்டர், எடை 300 கிலோ. இந்தியாவுக்கு வெளியே அருங்காட்சியகங்களில் இருக்கும் சோழர் வெண்கலங்களில் இதுதான் பெரியது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் என்ற அமைப்பு 1930-களில் வாங்கியது. ஐரோப்பிய வெண்கலச் சிலைகள் உள்ளே கூடாக இருக்கும். அதனால் இதுவும் கூடாகத்தான் இருக்கும் என்று பல பத்து வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சந்தேகம் வந்து, சிலையை லாரியில் ஏற்றி, ரோட்டர்டாம் துறைமுகத்தில் சுங்கத்துறை சரக்குப் பெட்டகங்களைச் சோதிக்கும் ராட்சத எக்ஸ்ரே சுரங்கத்துக்குள் லாரியோடு சேர்த்து விட்டுப் படம் பிடித்தார்கள். முழுக்கக் கெட்டி! அதைப் பெரிய செய்தியாக வெளியிட்டார்கள். சுவாமிமலையில் எந்தப் பட்டறைத் திண்ணையில் கேட்டிருந்தாலும், 'உற்சவரைக் கூடா வார்ப்பாங்களா சார்?' என்று ஒரு வெற்றிலைச் செலவில் முடிந்திருக்கும். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி விட்டு, உலோகத்தை ஊற்றி, மண்ணை உடைத்து எடுப்பது அங்கே இன்னமும் நடக்கிற வேலை. ஆனால் கிண்டலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு சிலைக்காக இவ்வளவு பாடுபட்டார்களே என்றும் தோன்றத்தான் செய்கிறது.

என்னை உறுத்துவது வேறு. உற்சவர் என்றால் அவருக்கு ஒரு ஊர் உண்டு. மார்கழித் திருவாதிரைக்கு வெளியே வருவார், அபிஷேகம், களி, கூட்டு, எந்தத் தெருவில் எந்த வீட்டு வாசலில் நிற்பார் என்பதுவரை கணக்கு உண்டு. கண்ணாடி மண்டபத்தில் நிற்கும்போது 'தமிழ்நாடு' என்பதே முகவரி. எங்கள் ஜில்லாவை ஒட்டிய பத்தூர் நடராஜரை லண்டனில் வழக்காடி 1991-ல் மீட்டார்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, திருட்டு என்று தெரிந்ததும் 2014-ல் திருப்பிக் கொடுத்தது. இவையெல்லாம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குப் பின் நடந்த திருட்டுகள், காகிதத்தில் நிரூபிக்க முடிந்தது. 1930-களில் போனதை அந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது. அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி, கேட்பார் யார்?

கேட்டால் கொடுப்பார்களா என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கண்டிப் பீரங்கி. வெண்கலத்தில் வார்த்து, தங்கமும் வெள்ளியும் போர்த்தி, மாணிக்கம் பதித்த சின்னஞ்சிறு பீரங்கி. லெவ்கே திசாவை என்ற பிரபு கண்டி ராஜாவுக்குக் கொடுத்தது. 1765-ல் டச்சுக் கம்பெனிப் படை கண்டிக்குள் புகுந்தபோது அள்ளியது. ரெய்க்ஸ்மியூசியத்தின் மதிப்புமிக்க பொருட்களில் ஒன்றாக இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. வந்த வழியை அவர்களே ஆராய்ந்தார்கள், இலங்கை ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 2023-ல் அந்தப் பீரங்கி, வாள்கள், கத்தி, துப்பாக்கிகள் என்று ஆறு பொருட்களை இலங்கைக்கே கொடுத்துவிட்டார்கள். டிசம்பரில் கொழும்பு போய்ச் சேர்ந்தது. கண்டியை ஆண்ட கடைசி ராஜாக்கள் மதுரை வழி வந்த நாயக்கர்கள் என்பதை நினைத்தால் நமக்கும் அதில் ஒரு ஓரமாகச் சொந்தம் உண்டு.

இதைப் படித்துவிட்டு, 'எல்லாவற்றையும் திருப்பிக் கொடு' என்று கொடி பிடிக்கலாம் என்றுதான் கை போகிறது. ஆனால் மட்டாஞ்சேரியில் குடியிருப்பவன் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இங்கே கடவும்பாகம் ஜெபாலயம் என்று ஒன்று இருந்தது. பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம், பரதேசி ஜெபாலயத்தைவிடப் பழையது. 1950-களில் மலபார் யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டபின் கைமாறி, கயிற்றுக் கிடங்காகக் கிடந்தது. 1991-ல் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகம் உள்ளே இருந்த செதுக்கு மர வேலையையெல்லாம் விலைக்கு வாங்கிக் கொண்டுபோய், 1995-ல் அங்கே ஜெபாலயமாகவே திரும்ப அமைத்தது. செதுக்கிய மரக்கூரையையும் தாமரைப் பூக்களையும் அவர்கள் தளத்தில் பார்க்கலாம். இங்கே நின்ற வெறும் சுவர் 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. போனது பிழைத்தது, இருந்தது சாய்ந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது?

எனக்குத் தோன்றுவது இதுதான். கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன்னால் நம்மிடம் ஒரு பட்டியலாவது இருக்க வேண்டும். எந்த ஊரில் எந்தச் சிலை, அதன் படம் எங்கே, கடைசியாக எப்போது புறப்பாடு என்ற பட்டியல். ஸ்ரீபுரந்தான் நடராஜர் திரும்பி வந்ததே, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பழைய புகைப்படங்களை யாரோ ஒழுங்காக எடுத்து அடுக்கி வைத்திருந்ததால்தான்.

சரி, படங்களில் இருப்பவர்களைப் பார்த்தாயிற்று. இல்லாதவர்கள்?

ஃபோர்ட் கொச்சி வெளியில் ஒரு வண்ணார் துறை இருக்கிறது, தோபி கானா என்பார்கள். வரிசையாகத் தொட்டிகள், ஆளுக்கொரு துவைகல், பின்னால் முறுக்கிய கயிற்றில் செருகிய வேட்டிகள். அங்கே உழைக்கும் குடும்பங்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுச் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த முன்னோரின் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. என் சட்டைகள் அங்கேதான் போகின்றன. ஒருநாள் பெரியவர் ஒருவரிடம் கைபேசியில் அந்த விங்க்பூன்ஸ் ஓவியத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல கொளம் எங்க தம்பி?"

"குளம் போடலை ஐயா. கோட்டை, கப்பல், கோயில்தான் போட்டிருக்கான்."

"அப்ப துணியெல்லாம் எங்க வெளுத்தானாம்?" என்று சிரித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். ஈரக்கை. துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அதற்கப்புறம் நான் தளத்தில் தேடுகிற விதமே மாறிவிட்டது. ஊரை விட்டுவிட்டு ஆட்களைத் தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் 2021-ல் அவர்கள் நடத்திய 'அடிமைமுறை' கண்காட்சியின் பக்கங்கள் கிடைத்தன. மே மாதம் அவர்கள் ராஜாவே வந்து திறந்துவைத்தார். அட்லாண்டிக் பக்கம் மட்டும் இல்லாமல் இந்தியப் பெருங்கடல் பக்கமும் நடந்த அடிமை வியாபாரத்தைப் பத்து வாழ்க்கைகள் வழியாகச் சொன்னார்கள். அதில் ஒரு கதை 'வான் பெங்காலன்' என்று பெயர் சுமந்தவர்களுடையது. அதாவது, வங்காளத்து ஆள். பிடித்துக் கொண்டுபோனவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எதற்கு? ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டால் போதும். தென்னாப்பிரிக்கக் கேப் டவுன் ஆவணங்களில் இதே மாதிரி 'வான் மலபார்', 'வான் கொச்சின்' என்று போகிறது. கண்காட்சியோடு சேர்த்து, நிரந்தரக் கூடங்களில் இருக்கும் 77 பொருட்களுக்கு அடிமைமுறையோடு அவற்றுக்கு இருக்கும் தொடர்பைச் சொல்லும் புதுக் குறிப்புகளை எழுதினார்கள். பட்டுச் சட்டை போட்ட கனவான் படத்துக்குக் கீழே, அந்தப் பட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று.

எங்கள் கரை இதற்கு விலக்கு இல்லை. நாகப்பட்டினம் 1658-ல் டச்சுக்காரர் கைக்குப் போனது. 1690-லிருந்து 1781-ல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை சோழமண்டலக் கரை முழுக்க அவர்களுக்கு அதுவே தலைமையிடம். ஊரைப் பிடித்த மறு வருடமே தஞ்சாவூர்ச் சீமையில் பீஜப்பூர்ப் படை புகுந்து வயலை அழித்தது, பஞ்சம் வந்தது. 1659 முதல் 1661 வரை அந்தப் பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட, விற்கப்பட்ட எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேரை டச்சுக் கம்பெனி வாங்கிக் கப்பலேற்றியது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் போனது இலங்கைக்கு. மேலே சொன்ன கொச்சி ஓவியத்துக்கு விங்க்பூன்ஸ் வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தபோது நடந்து முடிந்த கதை இது. எங்கள் வீட்டில் கப்பல் ஏறிப்போன கொள்ளுத்தாத்தா கதையெல்லாம் உண்டு, ரங்கூன், பினாங்கு என்று பெருமையாகச் சொல்வோம். 1660-ல் அதே கரையிலிருந்து போனவர்களைப் பற்றி எந்த வீட்டிலும் கதை இல்லை. சொல்ல ஆள் திரும்பி வரவில்லை.

கொச்சியில் நடந்த விற்பனைகளுக்கோ பத்திரமே உண்டு. பத்திரம் என்றால் நிலப் பத்திரம் மாதிரியே. விற்பவர், வாங்குபவர், விற்கப்படும் ஆளின் பெயர், வயது, ஜாதி, விலை. கம்பெனி எழுத்தர் முன்னால் பதிவு. நானும் ஒரு கணக்கன் என்பதால் சொல்கிறேன், கணக்குப்பிள்ளைக்கு எதையும் ஒரு வரியில் எழுதிவிட முடியும். புலையர் என்று ஜாதி, பன்னிரண்டு என்று வயது, ஒரு எண், கீழே கையெழுத்து. புத்தகம் டேலி ஆகிவிடும்.

ஓவியம் ஆம்ஸ்டர்டாமில். இந்தப் பத்திரங்கள் எங்கே என்று நினைக்கிறீர்கள்? எழும்பூரில்! 1795-ல் கொச்சியை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டபோது கோட்டையோடு காகிதமும் கைமாறி, மதராஸ் போய், இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணங்கள் என்ற பிரிவில் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் ஆவணங்களை 2003-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது, நெதர்லாந்து, இந்தோனேசியா, இலங்கை, தென்னாப்பிரிக்காவோடு இந்தியாவின் பெயரும் அதில் சேர்ந்தது இந்த எழும்பூர்க் கட்டுகளால்தான். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டி எத்தனை தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்!

மலையாளத்து நண்பரிடம் இதைச் சொன்னபோது, "எங்க ஆதாரமெல்லாம் உங்க ஊர்ல இருக்கா? திருப்பிக் கொடுங்க சார்" என்றார் சிரித்துக்கொண்டே. கண்டிப் பீரங்கிக்குக் கைதட்டிய என்னிடம் சட்டென்று பதில் இல்லை. பிறகு யோசித்து, முதலில் படமெடுத்து இணையத்தில் போடட்டும், யார் வீட்டில் இருந்தால் என்ன, எல்லோரும் படிக்கலாமே என்றேன். "அப்போ நடராஜரும் படத்துல பார்த்தா போதுமா?" என்று அவர் விடவில்லை. காகிதம் வேறு, உற்சவர் வேறு என்று என் கட்சி. காகிதத்தைப் படித்தால் போதும், அபிஷேகம் பண்ண வேண்டாம். அவர் முழுசாக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கட்டன் சாயா ஆறிப்போனதுதான் மிச்சம்.

தளத்தில் மேயப் போகிறவர்களுக்கு ஒன்று. தேடும்போது காலத்தையும் பொருளின் வகையையும் குறுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டச்சு நாட்டுப் பசுமாடுகள் பத்தாயிரம் வந்து நிற்கும். மலபார் என்று போட்டு, 1600-க்கும் 1800-க்கும் நடுவே என்று குறுக்கினால் நன்றாகத் தேறும். அவர்கள் காலத்தில் 'மலபார்' என்றால் தமிழையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பால்டேயஸ் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட புத்தகத்தில் 'மலபார் மொழி' என்று இலக்கணக் குறிப்போடு தருவது நம் தமிழைத்தான். கோரமண்டல், சிலோன் இரண்டையும் போட மறக்காதீர்கள். இறக்கிக்கொள்ளக் காசு இல்லை, அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.

கொச்சி ஓவியத்தை நான் பெரிய தாளில் அச்செடுத்தேன், ஃபோர்ட் கொச்சிக் கடை ஒன்றில். இரண்டு பிரதி. ஒன்று வண்ணார் துறைப் பெரியவருக்கு. அவர் அதை இஸ்திரி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். வலது பக்க ஓரத்தில், கோட்டைச் சுவருக்கு வெளியே, துவைக்கும் நீலக் கட்டியால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருக்கிறது. பேரன் வேலையாம். கொளம்.